‘என்னடா செய்தாய்?’ என்று நானும் கேட்டேன்

கடந்த ஆவணியில் ஒரு சனிக்கிழமை. திங்கட்கிழமை என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். போட்டுக்கொண்டு போக எடுத்து வைத்திருந்த முறுக்குச் சங்கிலியின் கொக்கி வாய் பிளந்து நின்றது. நான் ஒரு தனியார் மருத்துவமனையில் பில் போடும் பிரிவில் வேலை செய்கிறேன். சனிக்கிழமை என்றால் தலை நிமிர முடியாது. கணவர் திருப்பூரில் இருக்கிறார். “கடையில் கொடுத்துச் சரிசெய்து வாங்கி வந்துவிடு” என்று சங்கிலியைப் பெரியவனிடம் கொடுத்தேன். பெரியவனுக்கு அப்போது 16 வயது. பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தான். சின்னவள் எட்டாம் வகுப்பு.

மூன்று சவரன் சங்கிலி அது. என் அம்மாவின் கல்யாணத்துக்கு ஆசாரி வீட்டுக்கு வந்து செய்து கொடுத்ததாம். அந்தக் காலத்து நகைக்கு ரசீது ஏது? ஒரு மஞ்சள் துணியில் முடிந்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் கிளம்பினான்.

நாங்கள் பல வருடங்களாகப் போகிற கடைதான். அதற்கு முந்தைய ஐப்பசியில் இதே சங்கிலியை, இதே கடையில், நானே கொடுத்து மெருகு போட்டு வாங்கி வந்திருக்கிறேன். என்னிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “உட்காருங்கள் அம்மா, காபி சாப்பிடுகிறீர்களா?” என்று மட்டும் கேட்டார்கள்.

பெரியவனிடம் முதல் கேள்வி, “இது யாருடையது?” அம்மாவுடையது என்றான். “பில் எங்கே?” இல்லை என்றான். “எந்தத் தெரு?” சொன்னான். மேற்பார்வையாளர் அவனை மேலும் கீழும் பார்த்தாராம். பக்கங்களில் ஒட்ட வெட்டி, மேலே நீளமாக விட்ட முடி. அந்த வயதுப் பையன்களில் பாதிப் பேருக்கு அதுதான் இப்போது தலை. சங்கிலி உள்ளே போனது. அவனை வாசலில் காவலாளிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காரச் சொன்னார்கள். எனக்கு இரண்டு முறை போன் செய்திருக்கிறான். என் போன் மேசை இழுப்பறையில் சத்தமில்லாமல் கிடந்தது. மூன்றாவது முறை எண்களைத் தொடும்போது போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். “அம்மா வேலை செய்யும் இடத்தின் பெயர் சொல்கிறேன், அங்கே கேளுங்கள்” என்று சொல்லியிருக்கிறான். “நீ சொல்கிற இடத்தில் உன் கூட்டாளி இருப்பான்” என்று பதில் வந்திருக்கிறது.

ஒன்றேகால் மணி நேரம். ஆவணி முகூர்த்த நாட்கள் என்பதால் கடை நிறையக் கூட்டம். வருகிறவர்கள், போகிறவர்கள் எல்லாரும் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் பையனைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறார்கள். அதில் ஒருவர் அவனுடைய கணக்கு ஆசிரியர். அதை இரண்டு வாரம் கழித்துத்தான் என்னிடம் சொன்னான்.

கடையிலிருந்து காவல் நிலையத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். வந்தவர் ஒரு பெண் தலைமைக் காவலர், ஐம்பதை நெருங்கும் வயது. முதலில் அவர் கேட்டது, “சாப்பிட்டாயா தம்பி?” பிறகு, “நடந்ததை நீ சொல்.” அவன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு, மருத்துவமனையின் பொது எண்ணுக்கு அழைத்து, என்னை லைனுக்கு வரச் சொன்னார். கடைக்காரர்கள் ஒன்றேகால் மணி நேரத்தில் செய்யாத வேலையை அவர் நான்கு நிமிடத்தில் முடித்தார். அந்த அம்மாவின் பெயரை இங்கே எழுத முடியாது. எழுத முடிந்தால் பெரிய எழுத்தில் எழுதியிருப்பேன்.

ஆட்டோவில் போய் இறங்கினேன். படபடப்பில் செருப்பு ஒன்று ஆட்டோவிலேயே நின்றுவிட்டது. கடை வாசலில், ஸ்டூலில், முழங்கால்களுக்கு நடுவில் கைகளைச் செருகிக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்ததும் என் வாயில் வந்த முதல் வார்த்தை:

“என்னடா செய்தாய்?”

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அதுவரை அழாமல் இருந்தவன் அப்போதுதான் அழுதான்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அந்த மூன்று நொடிகள்தான். கடைக்காரர்மேல் எனக்குக் கோபம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் சங்கிலியை அவன் கையில் கொடுத்தது நான். எதற்காகப் போனான் என்று அறிந்தவள் நான். அப்படியிருந்தும், அந்த வயதுப் பையன் ஒருவன் காவலாளி பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவன் ஏதோ செய்திருக்க வேண்டும் என்ற முடிவு எனக்குள்ளேயும் தயாராக இருந்திருக்கிறது. நாற்பது வயதுக்காரரிடம் முதலில் விசாரிக்கிறோம், பிறகு முடிவு செய்கிறோம். பதினாறு வயதுக்காரனிடம் முடிவு செய்துவிட்டு விசாரிக்கிறோம். சில சமயம் விசாரிப்பதே இல்லை.

கடை உரிமையாளர் உள்ளேயிருந்து வந்து என்னைக் கும்பிட்டார். “மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா, காலம் அப்படி இருக்கிறது. கொக்கிக்குக் கூலி வேண்டாம்” என்றார். குளிர்பானம் வந்தது, எனக்கு மட்டும். எல்லாம் என்னிடமே பேசினார். பையன் பக்கத்திலேயே நின்றான்.

அந்த வாரம் அவன் பெரும்பாலும் பள்ளி தவிர எங்கும் போகவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வெளியே போய் வந்தவனைப் பார்த்துத் திடுக்கிட்டேன். முடியை மெஷின் வைத்து ஒரே மட்டமாக ஒட்ட எடுத்துவிட்டு வந்திருந்தான். கண்ணாடி முன்னால் நின்று தலையைத் தடவிக்கொண்டே, “இப்போது சரியாக இருக்கிறதா அம்மா?” என்று கேட்டான். அவன் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டான். கடைக்காரர் கண்ணுக்கு, போலீஸ் கண்ணுக்கு, என் கண்ணுக்குச் சரியாக இருக்கிறதா என்று.

அதன் பிறகுதான் நான் தெரிந்துகொள்ளத் தொடங்கினேன். எங்கள் தெருவில் ஒரு வக்கீல் அம்மா இருக்கிறார். அவரிடம் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து கேட்டேன். மற்ற பெற்றோருக்கும் உதவும் என்பதால் அவர் சொன்னதை எழுதுகிறேன்.

நகைக்கடைக்காரர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது என்றுதான் அவர் ஆரம்பித்தார். திருட்டு நகை என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் அதுவும் குற்றம். 18 வயது நிரம்பாதவரோடு செய்யும் ஒப்பந்தமும் சட்டப்படி செல்லாது. ஆகவே, “பெரியவர்கள் யாரையாவது அழைத்து வா தம்பி” என்று சொல்லிச் சங்கிலியைத் திருப்பிக் கொடுத்திருந்தால் அதில் தப்பே இல்லை. எனக்கும் அது புரிகிறது. சொல்லப்போனால், அவ்வளவு மதிப்புள்ள பொருளை ஒரு வரிக் கடிதம்கூட இல்லாமல் அவனிடம் கொடுத்தனுப்பியது என் தவறு.

அவனை உட்கார வைத்ததும் போனைப் பிடுங்கியதும் வேறு. தன் கண் முன்னால் ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றம் ஒன்று நடந்தால் மட்டுமே சாதாரண ஆள் ஒருவர் மற்றொருவரைப் பிடித்து வைக்கலாம். தேடப்படும் நபர் என்று அறிவிக்கப்பட்டவரையும் பிடிக்கலாம். பிடித்தால் தாமதிக்காமல், எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள், போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். சந்தேகத்தின்பேரில் ஸ்டூலில் உட்கார வைக்க ஒரு கடைக்கும் உரிமை கிடையாது. உட்கார்ந்திருப்பவன் 46 வயது ஆளாக இருந்தால் ஒருவரும் அப்படிச் செய்யத் துணியவும் மாட்டார்கள்.

போலீஸ் விஷயத்தில் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இருக்கிறது. 18 வயதுக்குட்பட்டவரைக் காவல் நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலனுக்கென்று ஓர் அலுவலர், உதவி சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாதவர், நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். பிள்ளையைப் பிடித்தால் பெற்றோருக்குச் சொல்லியாக வேண்டும். கைவிலங்கு போடக் கூடாது. இதில் எதுவும் பெரியவனுக்குத் தேவைப்படவில்லை, அந்தத் தலைமைக் காவலர் நல்லவர் என்பதால். ஆனால் நல்லவர் வந்து வாய்ப்பார் என்று நம்பிப் பிள்ளைகளை வெளியே அனுப்ப முடியுமா?

இதை எல்லாம் பெரியவனிடமும் சின்னவளிடமும் உட்கார வைத்துச் சொன்னேன். சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. யாராவது பிடித்து வைத்தால் ஓடாதே, கையை ஓங்காதே. குரலை உயர்த்தாமல், “எனக்கு 16 வயது. என் அம்மாவுக்குச் சொல்லுங்கள். அவர் வரும்வரை எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன்” என்று சொல். அதையே திரும்பத் திரும்பச் சொல். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு நீயே கூப்பிடலாம். பள்ளி அடையாள அட்டை விடுமுறை நாளிலும் பையில் இருக்கட்டும். ஒரு துண்டுச் சீட்டில் என் எண், அப்பா எண், என் அலுவலகத்தின் தரைவழி எண் மூன்றும் எழுதி அதன் பின்னால் செருகி வைத்தேன். போனைப் பிடுங்கிக்கொண்டாலும் சீட்டு இருக்கும். மருத்துவமனையிலும் சொல்லி வைத்துவிட்டேன்: என் பிள்ளைகளிடமிருந்தோ அவர்கள் பெயரைச் சொல்லியோ அழைப்பு வந்தால், எந்த நேரமானாலும் வரவேற்பிலிருந்து ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட வேண்டும்.

இந்தச் சொற்களை நாங்கள் வீட்டில் சொல்லியே பார்த்தோம். நான் கடைக்காரராக நின்று கேட்க, அவர்கள் பதில் சொன்னார்கள். முதல் தடவை பெரியவனால் முடியவில்லை. குரல் அடைத்துக்கொண்டது. மூன்றாவது நாள் சொன்னான்.

கடைக்கு ஒரு கடிதம் எழுதினேன். நஷ்ட ஈடு கேட்கவில்லை. என்னிடம் கேட்ட மன்னிப்பு எனக்குத் தேவையில்லை, அதை என் மகனிடம் கேட்க வேண்டும் என்று எழுதினேன். பதினைந்து நாள் பதில் இல்லை. பிறகு அழைத்தார்கள். நானும் அவனும் போனோம். உரிமையாளர் இல்லை, அந்த மேற்பார்வையாளர் வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவனைப் பார்த்து, “தம்பி, நான் முதலில் உன் அம்மாவுக்குப் போன் செய்திருக்க வேண்டும்” என்றார். பெரியவன், “நான் சொன்னேனே சார்” என்றான். அவ்வளவுதான். மேற்பார்வையாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஆமாம், சொன்னாய்” என்றார். அந்த இரண்டு சொற்களுக்காகத்தான் அந்தக் கடிதம் எழுதியதாக எனக்குப் பட்டது. இப்போது அந்தக் கடையில், சிறுவர்கள் நகை கொண்டுவந்தால் பெற்றோரிடம் போனில் பேசிவிட்டு வாங்கிக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையாக இருந்தால் நல்லது.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பெரியவன் சொன்னான்: “அவர்களுக்கு என்னைத் தெரியாது அம்மா. நீயும் அதையேதான் கேட்டாய்.” தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். நான் மன்னிப்புக் கேட்டேன். தாய் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதா என்று என் மாமியார் உள்ளேயிருந்து சத்தம் போட்டார். கேட்கத்தான் வேண்டும். வேறு எப்படி?

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழைய விஷயம் தூக்கத்தைக் கெடுத்தது. எங்கள் தெரு முனையில் வாய்க்கால் பாலம் ஒன்று இருக்கிறது. அதன் கட்டைச் சுவரில் சாயங்காலம் ஆறேழு பையன்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். பெரியவனுக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். பெண் பிள்ளைகள் போகிற பாதை, இவன்கள் ஏன் உட்கார வேண்டும் என்று தெருவில் பேச்சு வந்தது. வொர்க்ஷாப்பிலிருந்து கழிவு ஆயில் ஒரு கேன் வாங்கி வந்து அந்தச் சுவர் முழுக்க ஊற்றினார்கள். நானும் 50 ரூபாய் கொடுத்தேன். அந்தப் பையன்கள் யாரையாவது கேலி செய்ததாக ஒரு பெண்ணும் எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் எந்தப் பெண்ணிடமும் கேட்கவில்லை. அவர்களிடம் கேட்பது பற்றிச் சொல்லவே வேண்டாம். மறுநாள் ஒருவன் தெரியாமல் உட்கார்ந்து, பள்ளிச் சீருடைக் கால்சட்டை முழுக்கக் கறுப்பாகி எழுந்து நின்றதை என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தேன். பார்த்துவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டேன்.

அவர்கள் எங்கே போவார்கள் என்று இப்போது யோசிக்கிறேன். பள்ளி மைதானத்தை மணி அடித்ததும் பூட்டிவிடுகிறார்கள். பூங்காவில் சறுக்கு மரமும் ஊஞ்சலும் சின்னப் பிள்ளைகளுக்கு, நடைபாதை பெரியவர்களுக்கு. டீக்கடையில் அரை மணி நேரம் நின்றால், “வேறு வேலை இல்லையா?” கும்பலாக நின்றால் ரவுடிகள், தனியாகப் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கெட்டுப்போனவன். பெண் பிள்ளைகளுக்கு இன்னும் மோசம். சின்னவள் தன் தோழியோடு போனில் சிரித்துப் பேசினால், பக்கத்து வீட்டு மாமி என்னிடம் வந்து, “யாரோடு பேசுகிறாள் என்று பார்த்துக்கொள்” என்கிறார்.

பெரியவனின் நண்பன் ஒருவன் ரயில்வே தண்டவாளத்தை ஒட்டிய குடியிருப்பில் இருக்கிறான். நடந்ததைக் கேட்டு அவன் ஆச்சரியப்படவே இல்லையாம். “உனக்கு ஒரு தடவைதானே” என்றானாம். அதை நான் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. வயதைப் பார்த்து வருகிற சந்தேகம் எல்லாப் பையன்கள்மேலும் ஒரே அளவில் விழுவதில்லை. “எந்தத் தெரு?” என்ற கேள்வி எதைக் கேட்கிறது என்று இந்த மண்ணில் வாழ்கிற எல்லாருக்கும் தெரியும். என் மகன் சொன்ன தெருப் பெயர் அவனைக் கொஞ்சமாவது காப்பாற்றியது. அந்த நண்பன் தன் தெருவைச் சொல்லியிருந்தால் ஒன்றேகால் மணி நேரத்தோடு முடிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அவனுக்குத் தன்னம்பிக்கை திரும்பி வர ஒரு வேலையை அவன் கையாலேயே செய்ய வைக்க வேண்டும் என்று நினைத்தேன். வங்கிக் கணக்கு தொடங்கப் போனோம். கவுன்ட்டரில் இருந்தவர் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு என்னிடம், “18 ஆகட்டும் அம்மா, இல்லையென்றால் உங்களோடு கூட்டாக வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். இந்த முறை நாங்கள் தயாராகப் போயிருந்தோம். 10 வயதுக்குக் குறையாத பிள்ளைகள் தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2014 மே மாதமே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. 2025 ஏப்ரல் 21 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையிலும் அதையே மறுபடி சொல்லியிருக்கிறது. எவ்வளவு தொகை வரை, என்னென்ன நிபந்தனை என்பதை அந்தந்த வங்கி தீர்மானித்துக்கொள்ளலாம். கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கவிடக் கூடாது. சுற்றறிக்கையை அச்செடுத்துப் பெரியவன் கையில் வைத்திருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அவன்தான் மேலாளர் அறைக்குப் போனான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். மேலாளர் தாளைப் படித்தார், இன்னொரு முறை படித்தார், நாற்காலியைக் காட்டினார். அவன் உட்கார்ந்தான்.

எல்லா வங்கியிலும் நாற்காலி கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். மறுத்தால், காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே வேலை நடந்துவிடும். நடக்காவிட்டால் வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் சரியான பதில் வராதபோது ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். பள்ளிச் சீருடையைப் பார்த்ததும் நிறுத்தாமல் போகிற பஸ்ஸுக்கும் இதே வழிதான். பாஸ் இருக்கிற பிள்ளைகள் நின்றால் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிறுத்துகிறார்கள், அவர்கள் ஓடிப்போய்ப் படியில் தொங்குகிறார்கள், பிறகு படியில் தொங்குகிறார்கள் என்று திட்டும் வாங்குகிறார்கள். பஸ் எண், தடம், நேரம், நிறுத்தத்தின் பெயர் நான்கையும் குறித்துப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு எழுதச் சொல்லிச் சின்னவளுக்குப் பழக்கினேன். அவளும் தோழிகளும் எழுதினார்கள். இப்போது காலை பஸ் நிற்கிறது. மாலை பஸ் இன்னும் நிற்பதில்லை. மறுபடி எழுதியிருக்கிறார்கள்.

என் வேலையிடத்திலும் ஒன்றைக் கவனிக்கத் தொடங்கினேன். வயிற்றுவலி என்று 17 வயதுப் பெண் வந்தால், எங்கே வலிக்கிறது என்று எல்லாரும் அவள் அம்மாவைக் கேட்கிறார்கள். நானும் பில் போடும்போது அப்படித்தான், பிள்ளை எதிரில் நிற்க, பெயரைத் தாயிடம் கேட்பேன். இப்போது பிள்ளையைப் பார்த்துக் கேட்கிறேன். பதில் வரக் கொஞ்சம் நேரமாகிறது. நம்மிடமா கேட்கிறார்கள் என்று ஒரு கணம் விழிக்கிறார்கள். காத்திருந்தால் தெளிவாகச் சொல்கிறார்கள். தம்மைப் பாதிக்கிற விஷயங்களில் பிள்ளைகளின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகளின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கை சொல்கிறதாம். இந்தியா 1992-இல் அதை ஏற்றுக்கொண்டது என்று வக்கீல் அம்மா சொன்னார். எங்கள் பில் கவுன்ட்டருக்கு அது வந்து சேர இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

பாலத்துச் சுவரில் ஆயில் கறை இன்னும் இருக்கிறது, மழையில் வெளுத்து. இப்போது வேறு பையன்கள் அதன்மேல் சாக்கு விரித்து உட்காருகிறார்கள். சென்ற மாதம் தெருக் கூட்டத்தில் மறுபடி அந்தப் பேச்சு வந்தது. “யாருக்காவது அவர்களால் தொந்தரவு ஏற்பட்டிருக்கிறதா? ஏற்பட்டிருந்தால் அந்த ஒருவனைப் பற்றிச் சொல்லுங்கள், நானே போய்ப் பேசுகிறேன்” என்றேன். யாரும் சொல்லவில்லை. ஆயிலுக்குப் பணம் தர மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். என்மேல் இரண்டு மூன்று பேருக்கு வருத்தம்தான்.

பெரியவனுக்கு முடி வளர்ந்து காதைத் தொடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை சலூனுக்குப் பணம் கேட்டான். எப்படி வெட்டிக்கொள்ளப் போகிறாய் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. 150 ரூபாயை எடுத்துக் கொடுத்தேன்.